ஓனர் இறந்துவிட்டார், இரண்டு மகன்களும் வாடகை கேட்கிறார்கள், மூத்தவர் "மாதக் கடைசிக்குள் காலி பண்ணு" என்கிறார்: கோர்ட்டுக்குப் போகாமல் வழி உண்டா?

பல்லாவரம்_மாடிவீடு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். பல்லாவரத்தில் ஒரு தனி வீட்டின் மாடிப் போர்ஷனில் 2018 முதல் குடியிருக்கிறோம். வாடகை 14,000, அட்வான்ஸ் 1,20,000. வந்தபோது இருபது ரூபாய் பத்திரத்தில் பதினொரு மாதத்துக்கு எழுதினோம். அதற்குப் பிறகு எல்லாம் வாய்ப்பேச்சுதான். ஓனர் நல்ல மனிதர். பங்குனியில் தவறிவிட்டார்.

இப்போது கீழ்வீட்டில் அவர் மனைவியும் மூத்த மகனும் இருக்கிறார்கள். இளையவர் பெங்களூரில். கல்யாணமான மகள் திருச்சியில். மூத்தவர், "பில்டர் வருகிறார், இடித்து ஃபிளாட் கட்டப் போகிறோம், ஜூன் கடைசிக்குள் காலி பண்ணுங்கள்" என்கிறார். இளையவர் போன் செய்து, "அண்ணனிடம் வாடகை கொடுக்காதீர்கள், என் கணக்கில் போடுங்கள்" என்கிறார். போன வாரம் தண்ணி மோட்டார் சுவிட்ச் இருக்கும் அறையைப் பூட்டிவிட்டார்கள். ஒருநாள் முழுக்கக் குடத்தில்தான் தூக்கினோம்.

எனக்குச் சண்டை வேண்டாம், வழக்கும் வேண்டாம். ஆனால் அட்வான்ஸ் கைக்கு வராமல் வேறு வீட்டுக்கு அட்வான்ஸ் எங்கே கொடுப்பது? பிள்ளை பத்தாவது வேறு. என்ன செய்யலாம்?

எதுக்கு_காலி

சிம்பிள். இன்றிலிருந்து வாடகையை நிறுத்துங்கள். 1,20,000 அவர்களிடம் இருக்கிறதே, எட்டரை மாதத்துக்கு வரும். கழித்துக்கொண்டே உட்காருங்கள். வாடகைக்காரரை அவ்வளவு சுலபமாக யாராலும் எழுப்ப முடியாது. வேண்டுமானால் கேஸ் போடட்டும், பத்து வருஷம் ஓடும்.

சிறுவழக்கு_வக்கீல்

மேலே சொன்னதைத் தயவுசெய்து செய்ய வேண்டாம். பத்து வருஷம் ஓடிய கதையெல்லாம் 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் காலம். அது போய்விட்டது. 2017-இல் இயற்றிய தமிழ்நாடு நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பொறுப்புகள் முறைப்படுத்தல் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதில் வாடகை பாக்கி வெளியேற்றத்துக்கு நேரடிக் காரணம். இப்போது உங்கள் கையில் இருக்கும் ஒரே பலம் "நான் ஒரு மாதம் கூடத் தவறியதில்லை" என்பதுதான். அதை நீங்களே உடைக்காதீர்கள்.

இன்னொரு கசப்பான விஷயம். எழுத்தில் ஒப்பந்தம் போடாமல் இருப்பதே இந்தச் சட்டத்தில் வெளியேற்ற மனுவுக்குக் காரணம் ஆகலாம். பிரிவு 21(2)-இன் முதல் உட்பிரிவு அதுதான். சென்னைச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் இந்தச் சட்டத்தின் கீழ் வரும் மனுக்களில் (ஆர்.எல்.டி.ஓ.பி. என்பார்கள்) பல இந்த ஒரு காரணத்தை வைத்தே வருகின்றன. ஆகவே "நான் எட்டு வருஷமாக இருக்கிறேன், என்னை என்ன செய்ய முடியும்" என்ற நினைப்பு வேண்டாம்.

அதற்காக அவர்கள் பக்கம் எல்லாம் சரி என்று ஆகிவிடாது.

வாடகை: ஓனர் உயில் எழுதாமல் போயிருந்தால் மனைவி, இரண்டு மகன்கள், மகள் நான்கு பேருக்கும் சம பங்கு. திருச்சியில் இருக்கும் மகளை யாருமே கணக்கில் எடுக்கவில்லை, கவனித்தீர்களா? யாரிடம் கொடுப்பது என்று தெரியாத நிலையில் வாடகை அதிகாரியிடம் கட்டிவிட இந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. துணை ஆட்சியர் நிலையில் உள்ளவர் அவர். அங்கே போவதற்கு முன், நான்கு பேருக்கும் ஒரே கடிதம் அனுப்புங்கள்: "வாடகை தயாராக இருக்கிறது, வாரிசுச் சான்றிதழ் நகலோடு, எல்லோரும் கையெழுத்திட்டு எந்தக் கணக்கில் போட வேண்டும் என்று சொல்லுங்கள்." பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பிலும் போடுங்கள்.

தண்ணீர்: தண்ணீர், மின்சாரம், மாடிப்படி விளக்கு, கழிவுநீர் வசதி இவற்றைத் தடுப்பது பிரிவு 20-இன்படி தவறு. அதிலும் வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்தால், விசாரணை முடியும் முன்பே திறந்துவிடச் சொல்லி இடைக்கால உத்தரவு போடலாம். பூட்டிய அறையின் போட்டோவைத் தேதி தெரிகிற மாதிரி எடுத்து வையுங்கள். மனு கொடுக்கிறீர்களோ இல்லையோ, படம் இருக்கட்டும்.

மதுரை_மேல்மாடி

வக்கீல் சார் சொல்வதெல்லாம் சரி. ஆனால் இந்த மாதிரி இழைகளில் ஓனர் என்றாலே வில்லன் ஆகிவிடுகிறார். நான் ஓனர். கணவர் இல்லை. மேல்போர்ஷன் வாடகைதான் எனக்கு மருந்துச் செலவு. ஒரு குடும்பம் வந்தது, ஆறேழு மாதம் ஒழுங்காகக் கொடுத்தது, அப்புறம் நின்றுவிட்டது. கேட்டால் "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்". எதுக்கு_காலி சொன்ன அதே வசனம். அட்வான்ஸ் கரைந்த பிறகும் போகவில்லை. அட்வான்ஸ் எதற்கு வாங்குகிறோம் தம்பி? போகும்போது கரண்ட் பில் பாக்கி, உடைந்த சிங்க், இதற்கெல்லாம்தானே?

கடைசியில் நான் செய்தது இதுதான். அந்தப் பெண்ணின் அம்மாவை வரவழைத்து மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். அவள் கணவனுக்கு வேலை போய்விட்டது, வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லவில்லை. "பாக்கியை விட்டுவிடுகிறேன், வருகிற பதினைந்தாம் தேதி சாவியைக் கொடு, கொடுக்கிற அன்று லாரி வாடகைக்கு நானே தருகிறேன்" என்றேன். எழுதிக் கையெழுத்தும் வாங்கினேன். சொன்ன தேதிக்குப் போய்விட்டார்கள். என் அக்கா மகன் "பணத்தை விட்டுட்டீங்களே" என்று திட்டினான். கோர்ட், வக்கீல், நடை எல்லாம் கூட்டிப் பார்த்தால் நான் விட்டது குறைவுதான்.

ஸ்கார்பரோ_செல்வன்

மதுரை அக்கா, நீங்கள் செய்ததற்கு இங்கே கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தில் "கேஷ் ஃபார் கீஸ்" என்று பெயரே இருக்கிறது. சாவியைக் கொடு, காசை வாங்கு. இருவரும் சம்மதித்தால் என்11 என்ற படிவத்தில் கையெழுத்திட்டு ஒரு தேதி போட்டுவிடுவார்கள். லேண்ட்லார்ட் அண்ட் டெனன்ட் போர்டுக்குப் போனாலும், விசாரணைக்கு முன் சமரசம் பேசுகிறீர்களா என்று கேட்பார்கள், அதற்குக் காசு கிடையாது. வீட்டுக்காரர் தானே பூட்டை மாற்றினால் மாட்டிக்கொள்வார். ஆளை வெளியேற்றும் அதிகாரம் ஷெரிஃப் என்ற நீதிமன்ற அதிகாரிக்கு மட்டும்தான். போர்டில் தேதி கிடைக்க மாதக்கணக்கில் ஆகும் என்பதால் இரண்டு பக்கமும் பேச வருகிறார்கள். நல்ல மனசால் வருவதாக நினைக்க வேண்டாம்.

டூலெட்_புரோக்கர்

நான் இந்தத் தொழிலில் பல வருஷம். பல்லாவரம் தம்பிக்கு நடைமுறை யோசனை: ஏரியாவில் கட்சிக்காரர் யாராவது இருப்பார். அவரை வைத்து இரண்டு மகன்களையும் உட்கார வைத்தால் ஒரே மாலையில் முடிந்துவிடும். இல்லாவிட்டால் ஸ்டேஷனில் ஒரு பெட்டிஷன். எஸ்.ஐ. கூப்பிட்டுப் பேசினால் தானாக வழிக்கு வருவார்கள்.

கோவை_சமரசர்

புரோக்கர் அண்ணன் சொல்வது கட்டப்பஞ்சாயத்து. அதில் இரண்டு பேர் பேசுவது போலத் தெரியும், ஆனால் தீர்ப்பை மூன்றாவது ஆள் முன்பே முடிவு செய்திருப்பார், அதில் அவருக்கும் ஒரு பங்கு இருக்கும். நாளைக்கு அதே ஆளை மூத்த மகன் கூட்டிவந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? காவல் நிலையத்துக்கும் இதில் காலி செய்ய வைக்கும் அதிகாரம் இல்லை. மிரட்டல், அடிதடி, பூட்டு உடைப்பு என்றால் புகார் கொடுங்கள், அது வேறு. தேதியும் பணமும் பேசும் இடம் ஸ்டேஷன் இல்லை.

நான் பயிற்சி பெற்ற சமரசர். சென்னை உயர் நீதிமன்றம் 2005 ஏப்ரலில் சமரச மையம் ஆரம்பித்தது. நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் நாட்டிலேயே அதுதான் முதல். இன்று மாவட்டங்களிலும் இருக்கிறது. 2023-இல் சமரசச் சட்டமும் வந்துவிட்டது. வழக்கு போடும் முன்பே இரு தரப்பும் ஒப்புக்கொண்டு ஒரு சமரசரிடம் போகலாம்.

செலவே இல்லாத வழி வேண்டுமானால் தாலுகா சட்டப் பணிகள் குழுவிலோ மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்திலோ ஒரு வெள்ளைத்தாளில் மனு எழுதிக் கொடுங்கள். கோர்ட் வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணில் கேட்டாலும் வழி சொல்வார்கள். "வழக்குக்கு முந்தைய மனு" என்று எடுத்துக்கொண்டு எதிர்த் தரப்புக்கு அவர்களே நோட்டீஸ் அனுப்புவார்கள். நீதிமன்றக் கட்டணம் இல்லை. வராமல் இருக்க அவர்களுக்கு உரிமை உண்டு, ஆனால் கோர்ட் முத்திரையோடு தபால் வந்தால் பெரும்பாலும் வந்துவிடுகிறார்கள். பேசி முடிந்தால் லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) தீர்வாக எழுதித் தருவார்கள். அது சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. பெண்கள், பட்டியல் வகுப்பினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் என்றால் வருமானம் பார்க்காமல் வக்கீலையும் இலவசமாகத் தருவார்கள்.

பல்லாவரம் தம்பி, உங்களிடம் ஒரு கேள்வி. பில்டருக்கு எந்தத் தேதியில் காலி இடம் வேண்டும்? கேட்டீர்களா?

பல்லாவரம்_மாடிவீடு

இல்லை மேடம். அதை எப்படி நான் கேட்பது?

கோவை_சமரசர்

அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். "ஜூன் கடைசி" என்பது மூத்தவர் வாயில் வந்த தேதி. பில்டரோடு கூட்டு ஒப்பந்தம் போட வேண்டுமானால் நான்கு வாரிசுகளும் கையெழுத்துப் போட வேண்டும். பெங்களூர்த் தம்பி இப்போதே முறைத்துக்கொண்டிருக்கிறார். பட்டா மாற்ற வேண்டும், பிளான் அனுமதி வாங்க வேண்டும். இதெல்லாம் ஜூனில் முடியுமா? உண்மையான தேதி வேறு எங்கோ இருக்கிறது. அது தெரிந்தால் பாதிப் பிரச்சினை போய்விடும்.

இன்னொன்று: இந்த மாதிரி கூட்டுக் கட்டுமானத்தில் கட்டி முடிக்கும் வரை ஓனர் குடும்பம் வெளியே தங்க பில்டர் வாடகை கொடுப்பது வழக்கம். காலி இடம் கிடைக்க வேண்டும் என்ற அவசரம் பில்டருக்கும் உண்டு. உங்கள் லாரிச் செலவையும் அட்வான்ஸையும் அவர் தலையில் ஏற்ற முடியுமா என்று மூத்தவரையே யோசிக்கச் சொல்லலாம். நீங்கள் சத்தம் போட்டுக் கேட்டால் வராது. "உங்களுக்குத் தேதி வேண்டும், எனக்கு முன்பணம் வேண்டும்" என்று வைத்தால் வரும்.

நான் பார்த்த வாடகைத் தகராறுகளில் பெரும்பாலானவை உரிமைச் சண்டை மாதிரி தொடங்கி, கடைசியில் இரண்டே விஷயத்தில் வந்து நிற்கும்: எந்தத் தேதி, அட்வான்ஸ் எப்போது. ஓனர், "முதலில் சாவி, பிறகு பணம்" என்பார். குடித்தனக்காரர், "முதலில் பணம், அதை வைத்துத்தான் அடுத்த வீடு" என்பார். இரண்டு பேரும் சொல்வது நியாயம்தான். முடிச்சு அங்கேதான். பணத்தை இரண்டாகப் பிரித்துவிட்டால் அவிழ்ந்துவிடும். புது வீடு பார்த்ததும் பாதி அட்வான்ஸ், முடிந்தால் புது ஓனர் கணக்குக்கே நேரடியாக. மீதி, சாமான் இறங்கி, இ.பி. ரீடிங் எடுத்து, சாவி கைமாறுகிற நிமிஷத்தில்.

எதுக்கு_காலி

> பணத்தை இரண்டாகப் பிரித்துவிட்டால்

பாதி வாங்கிக்கொண்டு குடித்தனக்காரர் போகவில்லை என்றால்? பாதி கொடுத்துவிட்டு மீதியை ஓனர் தரவில்லை என்றால்?

சிறுவழக்கு_வக்கீல்

நல்ல கேள்வி, முதல் முறையாக. :) அதனால்தான் எழுத வேண்டும், லோக் அதாலத்திலோ சமரச மையத்திலோ பதிய வேண்டும். வாய்ப்பேச்சில் விட்டால் நீங்கள் சொன்னதுதான் நடக்கும். மேலும், ஒப்புக்கொண்ட தேதிக்கு மேல் உட்கார்ந்தால் இந்தச் சட்டத்தில் முதல் இரண்டு மாதம் இரட்டிப்பு வாடகை, அதற்குப் பிறகு நான்கு மடங்கு. ஓனர் பக்கமும் விதி இருக்கிறது: காலி செய்த ஒரு மாதத்துக்குள் நியாயமான கழிவு போக அட்வான்ஸைத் திருப்ப வேண்டும். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கவே கூடாது என்பதும் அதே சட்டம். சென்னையில் பத்து மாதம் கேட்பது இன்னும் போகவில்லை என்பது வேறு விஷயம்.

பெயிண்ட்டிங் என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பார்கள், அதையும் முன்பே பேசுங்கள். வெள்ளையடிப்பது, பைப், வயரிங் எல்லாம் சட்டத்தின் அட்டவணையில் ஓனர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், தாழ்ப்பாள் மாதிரி சில்லறை வேலைகள் குடித்தனக்காரர் பொறுப்பு. இடிக்கப் போகிற வீட்டுக்கு யாராவது பெயிண்ட் காசு கேட்டால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

மதுரை_மேல்மாடி

வீட்டில் இருக்கும் அம்மாவை யாருமே கேட்கவில்லையே. கணவர் போய் இன்னும் வருஷத் திதி கூட வரவில்லை. மகன்கள் இரண்டு பேரும் வாடகைக்கு அடித்துக்கொண்டால், அந்த அம்மாவுக்குச் சாப்பாட்டுக்கு யார் கொடுக்கிறார்கள்? வாடகையை அம்மா கணக்கில் போடலாம் என்று நீங்கள் சொன்னால் எந்த மகன் நாலு பேர் முன்னால் வேண்டாம் என்பான்?

சிறுவழக்கு_வக்கீல்

இதை என் கட்டணம் வாங்கிக்கொண்டு நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் மற்ற மூவரின் சம்மதம் எழுத்தில் வேண்டும், ஒரு வாட்ஸ்அப் பதிலாவது.

பல்லாவரம்_மாடிவீடு

ஒரு தகவல். கடிதம் நான்கு பேருக்கும் அனுப்பினேன். மகளிடமிருந்துதான் முதலில் பதில் வந்தது. "அம்மா கணக்கில் போடுங்கள் அண்ணா" என்றார். அவர் சொன்ன பிறகு இளையவரும் சரி என்றார். மூத்தவர் பதிலே போடவில்லை. அப்புறம் தாலுகா குழுவில் மனு கொடுத்தேன். நோட்டீஸ் போன மறுநாளே மோட்டார் அறை திறந்துவிட்டது. என்னிடம் எதுவும் பேசவில்லை, திறந்திருந்தது, அவ்வளவுதான்.

பேச்சுக்கு மூத்தவரும் அம்மாவும் வந்தார்கள், இளையவரை வீடியோ காலில் எடுத்தார்கள். பில்டருக்கு உண்மையில் தை மாதத்துக்குப் பிறகுதான் இடம் வேண்டுமாம். மூத்தவருக்குப் பயம் என்னவென்றால், நான் உட்கார்ந்துவிட்டால் பில்டர் கைவிட்டுவிடுவாரோ என்று. அவருக்கும் யாரோ ஒரு எதுக்கு_காலி கதை சொல்லியிருக்கிறார்கள் போல.

நான் ஆடியில் மாற மாட்டேன் என்றேன், அம்மாவே "ஆடியில் யாராவது வீடு மாறுவார்களா" என்று மகனைக் கடிந்தார். மார்கழியும் வேண்டாம் என்று அவரே சொன்னார். பிள்ளையின் பரீட்சை பங்குனியில். அதுவரை இருக்கவே எனக்கு ஆசை, ஆனால் தை தேதியை விட்டுத்தர மாட்டேன் என்கிறார் மூத்தவர். இப்போதைக்குப் பேசியது: ஐப்பசியில் காலி, அதுவும் அதே பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு கிடைத்தால். வீடு பார்த்ததும் 60,000, சாவி அன்று மீதி. கடைசி மாத வாடகை வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார், மூத்தவர் முகம் சுளித்தார். இன்னும் எழுதவில்லை. அடுத்த அமர்வில் எழுதுவதாகச் சொன்னார்கள். அதில் வேறு என்ன சேர்க்க வேண்டும்?

சிறுவழக்கு_வக்கீல்

"வீடு கிடைத்தால்" என்ற வரியை அப்படியே விடாதீர்கள். எழுத்தில் அது இரண்டு பக்கமும் இழுக்கும். "ஐப்பசி" என்றும் எழுதாதீர்கள், ஆங்கிலத் தேதி போடுங்கள். கிடைக்காவிட்டால் அதிகபட்சம் எந்தத் தேதி என்று இன்னொரு வரி. நான்கு வாரிசுகள் கையெழுத்து. திருச்சி மகள் நேரில் வர முடியாவிட்டால் யாருக்காவது அதிகாரப் பத்திரம். 60,000 யார் கணக்கிலிருந்து, எத்தனை நாளுக்குள் என்பது. தண்ணீர், மின்சாரம் காலி செய்யும் நாள் வரை தடையில்லாமல் இருக்கும் என்று ஒரு வரி. ஓனர் தரப்பு வீட்டைப் பார்க்க, பில்டர் அளக்க வந்தால் ஒரு நாள் முன்னதாகச் சொல்லிவிட்டு வர வேண்டும் என்று ஒரு வரி. இல்லாவிட்டால் தினமும் டேப்போடு ஆள் வருவார்கள். 2018 பத்திரத்தின் மூலத்தை அவர்களிடம் கொடுத்துவிடாதீர்கள், நகல் போதும்.

கோவை_சமரசர்

கடைசி நாளுக்கு என் தரப்பில் ஒன்று: காலி வீட்டை அறை அறையாக இரண்டு பேரும் சேர்ந்து போனில் வீடியோ எடுங்கள், மீட்டர் ரீடிங்கும் அதில் வரட்டும். சாவி வாங்கியதற்கு ஒரு வரி ரசீது. மூத்தவர் முகம் சுளித்த அந்த வாடகையைப் பற்றி: அடுத்த அமர்வில் அவர் அதைத் திரும்ப எடுத்தால் பாதி கொடுக்கத் தயாராக இருங்கள். அவரும் எதையாவது ஜெயித்துவிட்டுப் போகட்டும்.

டூலெட்_புரோக்கர்

நாகல்கேணி, பம்மல் பக்கம் இரண்டு பெட்ரூம் வேண்டுமானால் தனிச் செய்தி அனுப்புங்கள். கட்சிக்காரர் யோசனை சொன்னதற்குப் பரிகாரமாக என் கமிஷன் பாதி மாத வாடகை மட்டும்.

தி_நகர்_கடை

இதே மாதிரி எனக்குக் கடை. ஓனர் குடும்பத்தில் பாகப் பிரிவினை, வாடகையை ஒரேயடியாக இரண்டு மடங்கு கேட்கிறார்கள். இந்தச் சட்டம் கடைக்கும் பொருந்துமா? என் இடம் கோயிலுக்குச் சொந்தமானது, உள்வாடகையில் இருக்கிறேன்.

சிறுவழக்கு_வக்கீல்

கடைக்கும் பொருந்தும். ஆனால் கோயில் இடம் என்றால் கதை முற்றிலும் வேறு. அறநிலையத்துறை இணை ஆணையர் வரை போகும். உள்வாடகை என்றால் உங்கள் நிலை இன்னும் சிக்கல். கோயிலுக்கு யார் பெயரில் ரசீது போடுகிறார்கள் என்று முதலில் பார்த்துச் சொல்லுங்கள்.

நெறியாளர்

தி_நகர்_கடை, இதைத் தனி இழையாகத் தொடங்குங்கள், கோயில் இடம் என்று தலைப்பிலேயே போடுங்கள். பல்லாவரம்_மாடிவீடு, ஒப்பந்தம் எழுதிய பிறகு பெயர்களை மறைத்துவிட்டு அதன் வாசகத்தை இங்கே போட முடிந்தால் போடுங்கள். அதுவரை இழை திறந்திருக்கும்.